பன்னிரண்டு மில்லிமீட்டர் ராட்சசன்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவை மொக்கை போடாம ஒரு வரலாற்றுப் பதிவு. ஆனா ஹீரோ ராஜராஜ சோழனும் இல்லை, நெப்போலியனும் இல்லை (நெப்போலியன் கௌரவ வேடத்துல வந்து போவார்). நம்ம ஹீரோவுக்கு உடம்பு சுமார் 12 மில்லிமீட்டர், கால் எட்டு, கிடுக்கி ரெண்டு. அவரோட இனத்துலயே உலகத்துல இவர்தான் பெரியவர்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகிக்கு முந்தின நாள் அம்மா, "டேய், பரண் மேல இருக்கற பழைய புஸ்தகத்த எல்லாம் எடுத்து வெளிய போடு, எல்லாம் செல்லரிச்சுப் போச்சு"ன்னு ஏணில ஏத்தி விட்டுட்டாங்க. அப்பாவோட டிப்ளமா காலத்துப் புத்தகம் ஒண்ணைப் பிரிச்சா, பக்கத்து நடுவுல எள்ளுப் பருமன்ல பழுப்பா ஒண்ணு நகருது. குனிஞ்சு பாத்தா தேள்! ரெண்டு கிடுக்கியையும் முன்னால நீட்டிக்கிட்டு, நான் விரலைக் கொண்டுபோனதும் சட்டுனு பின்னாடியே ஓடுது. வால் மட்டும் இல்லை. என்ன பண்றோம்னு யோசிக்கறதுக்குள்ள கட்டைவிரல் வேலையை முடிச்சிருச்சு. பக்கத்துல ஒரு பழுப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

ராத்திரி மொபைல்ல தேடினப்பதான் தெரிஞ்சது, அது தேள் இல்லை, போலித்தேள். தேளுக்குத் தூரத்துச் சொந்தம், வாலும் கொடுக்கும் கிடையாது. விஷம் கிடுக்கி நுனியில இருக்கும், அதுவும் குட்டிப் பூச்சிகளுக்கு மட்டும்தான். நம்மளை ஒண்ணும் பண்ணாது. பழைய காகிதத்துல வர்ற பொடிப் பூச்சிகளைப் பிடிச்சுத் தின்னும். அதாவது நான் திட்டிக்கிட்டே சுத்தம் பண்ணின வேலையை, அது பாட்டுக்கு சம்பளம் வாங்காம செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் அதை நசுக்கிட்டேன்.

குற்ற உணர்ச்சியில தோண்ட ஆரம்பிச்சவன் எங்கெங்கேயோ போயிட்டேன். புத்தகத்துக்குள்ள வாலில்லாத தேள் மாதிரி ஒண்ணு இருக்குன்னு அரிஸ்டாட்டில் எழுதி வச்சிருக்காராம். 1665ல ராபர்ட் ஹூக் தன்னோட நுண்ணோக்கிப் புத்தகத்துல நண்டு மாதிரி இருக்கற பூச்சின்னு இதைப் பத்தித் தனியா ஒரு பகுதியே எழுதியிருக்கார். நம்ம சென்னையிலயும் ஆள் இருந்திருக்காங்க: லயோலா கல்லூரியில பூச்சியியல் ஆராய்ச்சியை வளர்த்த டி.என். அனந்தகிருஷ்ணனும் மூர்த்தியும் சேர்ந்து இந்தியாவோட போலித்தேள்களைப் பத்தி 1977ல ஒரு பெரிய நூலே கொண்டுவந்திருக்காங்க. உலகத்துல இதுவரைக்கும் பேர் வச்ச போலித்தேள் இனங்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். பெரும்பாலும் நாலஞ்சு மில்லிமீட்டர் தாண்டாதுங்க. வாய்ப்பக்கத்துல இருந்து பட்டுநூல் விட்டு, அதுல ஒரு சின்ன அறை கட்டி, உள்ள உக்காந்து தோலுரிக்கும். அம்மா முட்டைப் பையை வயித்துலயே ஒட்டிக்கிட்டுச் சுமக்கும். வேற ஊருக்குப் போகணும்னா ஈயோட காலைக் கிடுக்கியால பிடிச்சுக்கிட்டு லிஃப்ட் கேக்கும். மத்திய அமெரிக்காவுல ஒரு வகை, பெரிய வண்டோட இறக்கைக்கு அடியில ரிசர்வேஷன் போட்டுப் போகுது :-)

இந்தக் கூட்டத்துலதான் நம்ம ராட்சசன். பேரு கேரிபஸ் டைட்டேனியஸ். 'டைட்டன்'ங்கற கிரேக்கப் பூதங்களோட பேரை 12 மில்லிமீட்டர் ஆசாமிக்கு வச்சிருக்காங்க. மத்த போலித்தேளுங்க பக்கத்துல நின்னா அது நியாயமாத்தான் படும். இது உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. தெற்கு அட்லாண்டிக்ல அசென்ஷன்னு ஒரு தீவு. அதோட கிழக்குக் கரையில இருந்து கால் கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள்ள செங்குத்தா நிக்கற ஒரு பாறைத் தீவு. அந்தப் பாறைதான் இதோட மொத்த உலகம். அழிவின் விளிம்புல இருக்கற உயிரினங்கள்லயே மிக மோசமான பிரிவுல இதைச் சேர்த்திருக்காங்க. கைக்குக் கிடைச்ச மாதிரிகளே விரல்விட்டு எண்ணுற அளவுதான்.

சரி, ஏன் அந்தப் பாறையில மட்டும்? இந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுப் பக்கம் தள்ளி விட்டுச்சு.

அசென்ஷன் ஒரு எரிமலைத் தீவு. வயசு சுமார் பத்து லட்சம் வருஷம், அதாவது புவியியல் கணக்குல நேத்துப் பொறந்த குழந்தை. பரப்பு 88 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஆப்பிரிக்கா 1,600 கிலோமீட்டர் தூரத்துல, பிரேசில் அதை விட தூரம். நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி தெற்கே. இதைக் கண்டுபிடிச்சவங்க எங்க கிளம்பினவங்க தெரியுமா? நம்ம ஊர்ப் பக்கம்தான். 1501ல மிளகுக்காக இந்தியாவுக்கு வந்துக்கிட்டிருந்த போர்த்துகீசியக் கப்பல்களோட தலைவர் ஜோவாவ் த நோவா முதல்ல பாத்தார். 1503ல அதே மாதிரி இந்தியாவுக்கு வர்ற வழியில அல்புகர்க் (ஆமாங்க, பின்னாடி கோவாவைப் பிடிச்ச அதே அல்புகர்க்தான்) இயேசுவோட விண்ணேற்றத் திருநாள் அன்னிக்கு பாத்ததால அந்தப் பேரை வச்சார். யாரும் தங்கல. தண்ணி இல்லை, மரம் இல்லை, கறுப்புக் கல்லும் சாம்பலும்தான். ஆனா போற போக்குல ஆடுகளை இறக்கி விட்டுட்டுப் போனாங்க. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு அது ஒரு பழக்கம்: நாளைக்கு எவனாவது கப்பல் உடைஞ்சு வந்தா திங்கறதுக்கு ஆகும்.

அப்படி ஒருத்தர் வந்தார். வில்லியம் டாம்பியர். பாதி கடற்கொள்ளைக்காரர், பாதி இயற்கை ஆராய்ச்சியாளர். இப்படி ஒரு பயோடேட்டா இப்ப யாருக்கும் அமையாது. ஆஸ்திரேலியா போயிட்டுத் திரும்பற வழியில, 1701 பிப்ரவரியில இவரோட ரோபக் கப்பல் ஓட்டை விழுந்து அசென்ஷன் கரையிலயே மூழ்கிருச்சு. ஆட்டையும் ஆமையையும் நண்டையும் தின்னுக்கிட்டு ஒரு மாசத்துக்கு மேல ஓட்டினாங்க, தண்ணிக்கு மலைமேல ஒரு ஊத்தைக் கண்டுபிடிச்சாங்க, அப்புறம் வந்த கப்பல்கள்ல தப்பிச்சுப் போனாங்க. முன்னூறு வருஷம் கழிச்சு, 2001ல, அந்தக் கப்பலோட மணியைக் கடலுக்கடியில இருந்து எடுத்தாங்க. ஆனா அன்னிக்குக் கப்பலை விட்டுக் கரையேறினவங்க மனுஷங்க மட்டும் இல்லை. தீவுக்கு எலி வந்ததே இந்தக் கப்பல்லதான்னு சொல்றவங்க உண்டு. இதுவோ இதை மாதிரி இன்னொண்ணோ, எலி கப்பல்லதான் வந்திருக்கும், நீந்தி வர்ற தூரம் இல்லை.

நெப்போலியன் என்ட்ரி இங்கதான். 1815ல அவரைப் பக்கத்துத் தீவான செயின்ட் ஹெலினாவுல அடைச்சதும் ('பக்கத்து'ன்னா 1,300 கிலோமீட்டர்!), அவரை மீட்க யாரும் அசென்ஷனைத் தளமாக்கிடக் கூடாதுன்னு பிரிட்டிஷ் கடற்படை ஒரு சின்னப் படையை இங்க குடிவச்சது. கடற்படைக்கு நிலத்தை ஆளற வழக்கம் இல்லையே, அதனால காகிதத்துல இந்தத் தீவு ஒரு கப்பல்! 'எச்.எம்.எஸ். அசென்ஷன்'. நங்கூரம் தேவைப்படாத கப்பல். 1922 வரைக்கும் கடற்படை நிர்வாகம்தான் நடந்துச்சு.

வந்தவங்களுக்கு எலித் தொல்லை தாங்கல. உடனே ஒரு ஹாட்ஃபிக்ஸ்: பூனையைக் கொண்டு வாங்க. புரொடக்‌ஷன்ல அவசரத்துக்குப் போடற ஹாட்ஃபிக்ஸ் பத்தி நம்ம துறை ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேணாம். புதருக்குள்ள ஓடற எலியை விரட்டிப் பிடிக்கறதா, தரையில கூடு கட்டி அசையாம உக்காந்திருக்கற பறவைக் குஞ்சைத் தூக்கறதா? பூனை முட்டாள் இல்லை. லட்சக்கணக்கா கடல்பறவைங்க முட்டையிட்ட தீவு அது. காலங்காலமா அங்க நாலு கால்ல வேட்டையாடற பிராணியே கிடையாது, அதனால அதுங்களுக்குப் பயப்படவும் தெரியாது. கொஞ்ச காலத்துலயே பெரிய தீவு காலி. கூட்டம் கூட்டமா வந்து முட்டையிடற ஆலாப் பறவை மட்டும் எண்ணிக்கை பலத்துல தாக்குப் பிடிச்சது. ஃப்ரிகேட் பறவை, பூபி, வெள்ளை நிறத்துல நீள வாலோட இருக்கற டிராபிக் பறவை எல்லாம் எங்க போச்சு? எலியும் பூனையும் நீந்தி வர முடியாத அந்தப் பாறைக்கு. டிராபிக் பறவைக்குத்தான் மாலுமிங்க 'போசன்'னு பட்டப்பேர் வச்சிருந்தாங்க. கப்பல்ல ஆளுங்களை வேலை வாங்கறவர், நம்ம பக்கத்துக் கப்பல்காரங்க சாரங்குன்னு சொல்வாங்களே, அவர்தான் போசன். பாறைக்குப் பேரும் அப்படியே ஆச்சு: போசன் பறவைத் தீவு.

1836 ஜூலைல டார்வின் பீகிள் கப்பல்ல வந்து இறங்கினார். இந்த இடத்துல எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு. டார்வின் ஆச்சே, ஏதாவது எழுதியிருப்பார்னு. எழுதியிருக்கார், எலியைப் பத்தி! புல் இருக்கற மலை உச்சியில இருக்கற எலி கறுப்பா பளபளன்னு இருக்கு, கரையில குடியிருப்புப் பக்கம் இருக்கறது பழுப்பா இருக்குன்னு ரெண்டையும் ஒப்பிட்டிருக்கார். எரிமலை கக்கின கல் குண்டுகளைப் பத்தி எழுதியிருக்கார். போலித்தேள் அவர் கண்ணுல படல. பட்டிருக்கவும் முடியாது, அப்பவே அந்தப் பாறைக்கு வெளியில அது இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதுக்கு அப்புறம் வர்ற பகுதியைத்தான் நான் முன்னாடியே படிச்சிருந்தேன், படிச்சு சிலாகிச்சும் இருக்கேன். 1843ல ஜோசப் ஹூக்கர்னு ஒரு தாவரவியல் ஆராய்ச்சியாளர் (டார்வினோட நெருங்கின நண்பர்) வந்து மொட்டை மலையைப் பாத்துட்டு, உச்சியில மரம் நட்டா அது மேகத்துல இருந்து ஈரத்தைப் பிடிக்கும், தண்ணிப் பஞ்சம் குறையும்னு யோசனை சொன்னார். 1850 வாக்குல இருந்து லண்டன் கியூ தோட்டத்தோட ஏற்பாட்டுல கப்பல் கப்பலா செடி வந்துச்சு. மூங்கில், வாழை, இஞ்சி, யூகலிப்டஸ்னு உலகத்து மூலைமுடுக்குல இருந்தெல்லாம். இன்னிக்கு அந்த 859 மீட்டர் மலை உச்சியில மேகக்காடு இருக்கு. மொட்டைப் பாறையில காட்டையே கட்டமைச்சாங்க பாருங்கன்னு நானே காலேஜ் நண்பர்கள்கிட்ட பீத்தியிருக்கேன். செவ்வாய் கிரகத்தையும் இப்படி மாத்தலாம்னு அடிச்சு விட்டதும் நான்தான். அந்தக் காட்டுக்கு அடியில மலைக்கே உரிய பெரணிச் செடிகள் இருந்துச்சு, அதுல சிலது போயே போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. கொத்துமல்லித் தழை மாதிரி இருக்கற ஒரு குட்டிப் பெரணி, அழிஞ்சே போச்சுன்னு எல்லாரும் கைகழுவினது, 2009ல ஒரு சரிவுல திரும்பக் கிடைச்சது. அதுக்காக அந்தக் காட்டைத் தப்புன்னு சொல்லிட முடியுமா? தண்ணியில்லாத ஊர்ல வளர்ந்தவன் நான், எனக்கு வாய் வரல.

கூடவே நம்ம ஊர் ஆளுங்களும் அங்க போய்ச் சேந்திருக்காங்க. பூச்சியைக் கட்டுப்படுத்தணும்னு 1880களை ஒட்டிக் கொண்டுபோய் விட்ட மைனா, இப்ப ஆலாவோட முட்டையைக் கொத்துது. இருபதாம் நூற்றாண்டுல போன சீமைக் கருவேலம் சாம்பல் வெளியில பரவிக்கிட்டு இருக்கு. படிச்சப்ப எங்க ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப நம்ம ராட்சசன். பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்துக்கு நூறு வயசு ஆனதைக் கொண்டாட, 1957ல இருந்து 1959 வரைக்கும் அசென்ஷனுக்கு ஒரு ஆய்வுக்குழு போச்சு. தலைவர் பெர்னார்ட் ஸ்டோன்ஹவுஸ். போனது பறவை பாக்க. பறவை இருந்தது பாறை மேல. ஆக, பாறை மேல ஏறினாங்க. 1958ல எரிக் டஃபின்னு சிலந்தி இனங்கள்ல ஆர்வம் உள்ள சூழலியல் ஆராய்ச்சியாளர் வந்து, தீவுல உள்ள பொடி ஜீவன்களைச் சேகரிச்சார். போலித்தேளுங்க வியன்னா அருங்காட்சியகத்துல இருந்த மாக்ஸ் பையர் கைக்குப் போச்சு. உலகத்துல எந்த மூலையில போலித்தேள் கிடைச்சாலும் அந்தக் காலத்துல அவர்கிட்டதான் போகும். 1961ல அவர் எழுதின கட்டுரையிலதான் கேரிபஸ் டைட்டேனியஸ் பொறந்துச்சு. அதே கட்டுரையில அசென்ஷனோட இன்னொரு போலித்தேளுக்கு டஃபி பேரையே வச்சிருக்கார்.

1501க்கும் 1958க்கும் நடுவுல 457 வருஷம். இதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம். சர்வர் விழுந்த பிறகு லாகைத் தொறந்து பாத்தா, லாகே விழுந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அசென்ஷன்ல பறக்காத ஒரு சின்னக் கோழிப் பறவை இருந்துச்சு. 1656ல பீட்டர் மண்டிங்கற பயணி அதைப் பாத்து நாட்குறிப்புல எழுதி, படமும் போட்டு வச்சார். எலியும் பூனையும் வந்த பிறகு அது இல்லை. ஆனா எலும்பு மிச்சம் இருந்ததால 1973ல ஸ்டார்ஸ் ஓல்சன் அதை வச்சு அறிவியல் பேரும் கொடுத்தார். படம் இருக்கு, எலும்பு இருக்கு, ஒரு சாட்சி இருக்கு. போலித்தேளுக்கு எலும்பு ஏது? பெரிய தீவுல பறவைக் கூட்டத்துக்கு நடுவுல அதுவும் இருந்து, எலி தின்னு தீர்த்துதா, இல்லை பறவை போனதும் பட்டினியில போச்சா, எதுக்கும் எழுத்தே கிடையாது. கேரிபஸ் வகையறா எல்லாமே கடற்கரை ஆளுங்க. கல்லுக்கு அடியிலயும் ஒதுங்கின கட்டைக்கு அடியிலயும் வாழறவங்க. கால் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் முழுசா ஒரு தீவுக் கரை கிடக்கும்போது, ஒரு பாறை மட்டும்தான் இவங்க பூர்வீகம்னு நம்ப எனக்கு மனசு வரல. இது என்னோட ஊகம்தான், நிபுணர்கள் யாராவது இருந்தா திட்டலாம். ஆனா புத்தகத்துல அதோட முகவரின்னு போட்டிருக்கறது, நிஜத்துல அகதி முகாமோட முகவரியா இருக்கலாம்னுதான் எனக்குப் படுது.

அந்த முகாம் எப்படிப்பட்டது? எச்சத்தால வெளுத்த பாறை. நாலு பக்கமும் செங்குத்து. மேல தட்டையான இடத்துல பறவைக் கூடு. செடி கொடின்னு சொல்லிக்க அதிகம் இல்லை, எல்லாமே பறவையை நம்பித்தான்: அது கடல்ல இருந்து கொண்டுவர்ற மீனு, அதோட எச்சம், உதிர்ந்த இறகு, செத்த குஞ்சு, இதை எல்லாம் திங்கற பூச்சி, அந்தப் பூச்சியைத் திங்கறது நம்மாளு. ஒரே ஒரு கர்ப்பமான எலி, ஒரு படகுல ஒளிஞ்சு வந்து அங்க இறங்கினா போதும், கதை முடிஞ்சது.

ஸ்டோன்ஹவுஸ் குழுவுல பிலிப் ஆஷ்மோல்னு ஒரு இளைஞர், பறவை பாக்க வந்தவர். 1990லயும் 1995லயும் மனைவி மிர்ட்டிலோட திரும்ப வந்தார், இந்தத் தடவை முதுகெலும்பில்லாத ஜீவன்களைத் தேடி, எரிமலைக் குகைகளுக்குள்ள எல்லாம் தவழ்ந்து. ரெண்டு பேரும் சேர்ந்து செயின்ட் ஹெலினாவுக்கும் அசென்ஷனுக்கும் 2000ல ஒரு இயற்கை வரலாறே எழுதினாங்க. இளவயசுல பறவையைப் பாக்கப் போன மனுஷன் முப்பது வருஷம் கழிச்சு அதே தீவுல கல்லைப் புரட்டிப் பாக்கறார்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் ஆறு மாசம் முன்னாடி எழுதின கோடையே திரும்பப் பாக்க மாட்டேன்.

பெரிய தீவுல 2000களோட தொடக்கத்துல காட்டுப் பூனைகளைப் பிடிக்கற வேலை ஆரம்பிச்சாங்க. வீட்டுப் பூனை சிலதும் அதுல மாட்டிச் செத்துப்போய், ஊர்க்காரங்களுக்குக் கோவம் வந்து, பெரிய மனஸ்தாபம். 2006ல பூனையில்லாத தீவுன்னு அறிவிச்சாங்க. பூபிங்க ஒண்ணொண்ணா பாறையை விட்டுக் கீழ வந்துச்சு. ஃப்ரிகேட் பறவை மட்டும் வரல. அசென்ஷன் ஃப்ரிகேட்டுக்கு உலகத்துலயே கூடு கட்ட அந்த ஒரு பாறைதான். அதுங்க வரவே வராதுன்னு சிலர் முடிவே பண்ணிட்டாங்க. 2012 கடைசியில பெரிய தீவோட கரையில ரெண்டு கூடு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு!

எலி இன்னும் இருக்கு. அதனால போலித்தேளுக்கு மட்டும் முகாம் வாழ்க்கை முடியல. பறவைக்கு இறக்கை இருக்கு, கால் கிலோமீட்டர் கடல் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. நம்மாளு தானா வரணும்னா எந்தப் பறவையோட இறகையாவது பிடிச்சு லிஃப்ட் கேட்டாத்தான் உண்டு. அவங்க இனம் வழக்கமா பண்றதுதானே.

அப்பாவோட புத்தகத்தைப் போகில போடல. "ஏண்டா அதை மட்டும் திரும்ப மேல வைக்கற?"ன்னு அம்மா கேட்டாங்க. உள்ள ஆள் குடியிருக்காங்கம்மான்னு சொன்னேன்.